தாயாருடன் சிங்க்வே தெர்ரே: எங்கே தங்குவது, எதில் செல்வது, எதை விட்டுவிடுவது

கேள்வி இது: அடுத்த மே மாதம் சென்னையிலிருந்து இத்தாலி செல்லும் நால்வர் குடும்பம் ஒன்று, ரோமுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் இடையே மூன்று நாட்களை மலையும் கடலும் சேர்ந்த கிராமங்களுக்கு ஒதுக்க விரும்புகிறது. உடன் வரும் தாயாருக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு. மகளுக்குப் பத்து வயது. சிங்க்வே தெர்ரே என்னும் ஐந்து கடலோர ஊர்களா, தெற்கேயுள்ள அமால்ஃபி கரையா, கார் வாடகைக்கு எடுக்கலாமா, ஃபுளோரன்ஸிலிருந்து ஒரே நாளில் ஐந்து ஊர்களையும் பார்த்துத் திரும்பிவிடலாமா, சைவ உணவு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்க்வே தெர்ரேவுக்கே செல்லுங்கள். கார் வேண்டாம். ஒரே நாளில் பார்த்துத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டு, அக்கரையின் லேவந்தோவிலோ மொன்தெரோஸ்ஸோவிலோ மூன்று இரவுகள் தங்குங்கள். ஐந்து ஊர்களில் உயரத்தில் இருக்கும் கொர்னில்யாவைத் தாயார் மேலேறிப் பார்க்காமல் விட்டாலும் அவருக்குப் பெரிய இழப்பு இல்லை. இனி இவற்றுக்கான காரணங்கள்.

இத்தாலியின் வடமேற்கில் லிகூரியா மாநிலத்தின் கரையில், லா ஸ்பெட்சியா நகருக்கு மேற்கே, மொன்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னில்யா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்று சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் முதல் ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையிலான தூரம் ஒரு காலை நடைக்குள் அடங்கிவிடும் போலத் தோன்றும். ஆனால் இங்கே மலை நேரே கடலுக்குள் இறங்குவதால், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடப்பது என்பது ஒரு மலைத்தோளில் ஏறி மறுபக்கம் இறங்குவதுதான். 1874-இல் ஜெனோவாவுக்கும் லா ஸ்பெட்சியாவுக்கும் இடையே இருப்புப்பாதை முழுமையடையும் வரை இவ்வூர்களுக்குப் படகும் கோவேறு கழுதைப் பாதைகளுமே வழியாக இருந்தன. இன்றும் பயணத் திட்டத்தைத் தூரத்தை வைத்து வகுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். எந்த இடத்தில் எத்தனை படிகள், அங்கே எந்த நேரத்தில் எவ்வளவு கூட்டம் என்ற இரண்டையும் வைத்தே வகுக்க வேண்டும்.

ஒரு நாள் பயணத்தை நான் மறுப்பதற்குக் காரணமும் அதுவே. ஃபுளோரன்ஸிலிருந்து லா ஸ்பெட்சியாவுக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். காலையில் புறப்பட்டு நீங்கள் வந்து சேரும் பத்து, பத்தரை மணிக்கே சுற்றுலாப் பேருந்துக் குழுக்களும் பயணக் கப்பல்களில் வந்து இறங்கியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். வெர்னாட்ஸா நிலையத்தின் நடைமேடை குறுகியது. ஒரு பகுதி சுரங்கத்துக்குள்ளேயே இருக்கிறது. மே மாத நண்பகலில் அங்கே ரயிலில் ஏற நிற்கும் கூட்டத்துக்குள் முழங்கால் வலியுள்ள ஒருவரை நிறுத்தி வைப்பது சரியல்ல. அதே வெர்னாட்ஸாவில் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் துறைமுகச் சுவரில் உட்கார இடம் கிடைக்கும். நீர் விளிம்பில் நிற்கும் சாந்தா மார்கெரீத்தா தேவாலயத்தைச் சாவகாசமாகச் சுற்றிப் பார்க்கலாம். அந்த இரண்டு வேளைகளும் அங்கேயே தங்குகிறவர்களுக்குத்தான் வாய்க்கும்.

அமால்ஃபியை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது நேப்பிள்ஸுக்குத் தெற்கே இருக்கிறது. ரோமிலிருந்து தெற்கே போய், பிறகு ஃபுளோரன்ஸுக்கு வடக்கே திரும்ப வேண்டும். கரையோர ஊர்களுக்கு ரயில் கிடையாது. வளைந்து வளைந்து செல்லும் ஒற்றைச் சாலையில் பேருந்தையோ, கடல் அனுமதிக்கும் நாட்களில் படகையோ நம்பியிருக்க வேண்டும். அக்கரையோர ஊரான பொசித்தானோ முழுவதும் படிகள்தான். அமால்ஃபியின் அழகைக் குறைத்துச் சொல்வதற்கில்லை; ரவேல்லோவின் தோட்டங்களிலிருந்து தெரியும் கடலுக்கு ஈடாகச் சிங்க்வே தெர்ரேவில் எதுவும் இல்லை என்றே நான் கருதுகிறேன். ஆயினும் உங்கள் வழித்தடத்துக்கும் தாயாரின் முழங்காலுக்கும் ஏற்றது வடக்குக் கரையே.

தங்குமிடத்தைத் தேர்வதில்தான் இப்பயணத்தின் பாதி வெற்றி இருக்கிறது. ஆகவே ஊர் ஊராகச் சொல்கிறேன். ஐந்தில் ஓரளவு சமதளமான ஊர் மொன்தெரோஸ்ஸோ மட்டுமே. நிலையத்தை விட்டு இறங்கினால் நேரே கடற்கரை நடைபாதை. ஐந்து ஊர்களிலும் மிகப் பெரிய கடற்கரையும் இங்கேதான். ஃபெஜீனா என்னும் இந்தப் புதிய பகுதியிலிருந்து பழைய ஊருக்கு ஒரு சிறு சுரங்கவழியாகப் பத்து, பதினைந்து நிமிடத்தில் நடந்துவிடலாம். விலை அதிகம், ஆனாலும் மூத்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது. வெர்னாட்ஸாவில் முதன்மைத் தெரு மட்டும் மென்மையான சரிவு. வாடகை அறைகளோ பெரும்பாலும் அத்தெருவுக்கு மேலே, செங்குத்தான குறுகிய படிக்கட்டுகளின் முடிவில் இருக்கும். அறையின் படத்தைப் பார்த்து மயங்காமல், நிலையத்திலிருந்து அறை வாசல் வரை எத்தனை படிகள், கட்டடத்தில் மின்தூக்கி உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ரியோமஜ்ஜோரேயில் முதன்மைத் தெருவே ஏற்றம்தான். மனரோலாவில் நிலையத்திலிருந்து பாதசாரிச் சுரங்கம் வழியாக ஊருக்குள் வந்த பிறகு, துறைக்கு இறங்குவதும் எளிதல்ல, மேல்தெருவுக்கு ஏறுவதும் எளிதல்ல. ஐந்தில் கடலைத் தொடாத ஒரே ஊரான கொர்னில்யா, நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், பாறை நெற்றியில் உட்கார்ந்திருக்கிறது. நிலையத்திலிருந்து அங்கே போகச் செங்கல் படிக்கட்டு ஒன்று மலைமுகத்தில் குறுக்கும் நெடுக்குமாக மடிந்து மடிந்து ஏறுகிறது. 33 திருப்பங்கள், ஏறத்தாழ 380 படிகள். சிறு பேருந்தும் உண்டு. அது நிறைந்துவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்.

என் தேர்வு, மொன்தெரோஸ்ஸோவுக்கு அடுத்த நிலையமான லேவந்தோ. அது ஐந்து ஊர்களில் ஒன்றல்ல. ஆகவே பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அகன்ற கடற்கரை, சமதளத் தெருக்கள், இத்தாலியக் குடும்பங்கள் கோடையில் வந்து தங்கும் இயல்பான ஊர். மொன்தெரோஸ்ஸோவுக்கு ரயிலில் ஐந்தாறு நிமிடம்தான். இங்கிருந்து பொனஸ்ஸோலா வழியாக ஃப்ரமூரா வரை, பழைய இருப்புப்பாதை ஓடிய சுரங்கங்களை மிதிவண்டிப் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். முழுவதும் சமதளம், ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். சுரங்கத்தின் குளிர்ச்சியில் சிறிது தூரம் சென்றதும் பாறையில் ஒரு திறப்பு வரும், அதன் வழியே கீழே கடல் தெரியும், மீண்டும் சுரங்கம். உங்கள் மகள் வாடகை மிதிவண்டியிலும் தாயார் நடந்தும் ஒரே பாதையில் செல்லக்கூடிய இடம் இந்தக் கரையில் இதைப் போல வேறில்லை. லா ஸ்பெட்சியாவில் அறைகள் மலிவு, ரயில்களும் அதிகம். ஆனால் அது கடற்படைத் துறைமுக நகரம் என்பதால், கடலோரக் கிராமத்தில் கண்விழிக்கும் அனுபவத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

கார் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஊர்களின் உட்பகுதிகளில் வெளியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மேலே உள்ள நிறுத்துமிடங்கள் சிறியவை, கட்டணம் அதிகம். அங்கிருந்து கீழே நடந்து இறங்கி, மாலையில் மீண்டும் ஏற வேண்டும். எதற்காகக் காரை எடுத்தீர்களோ அந்த வசதியே அங்கு கிடைக்காது.

போக்குவரத்துக்கு லேவந்தோவுக்கும் லா ஸ்பெட்சியாவுக்கும் இடையே ஐந்து ஊர்களிலும் நின்று செல்லும் சிங்க்வே தெர்ரே எக்ஸ்பிரஸ் இருக்கிறது. பருவக் காலத்தில் பகல் முழுவதும் சுமார் கால் மணி முதல் இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில் வரும். ஊருக்கு ஊர் சில நிமிடப் பயணம்தான். பெரும்பகுதி சுரங்கத்துக்குள் என்பதால் சன்னலோர இருக்கைக்குப் போட்டி போட வேண்டியதில்லை. தனித்தனிச் சீட்டின் விலை பருவத்துக்கும் நாளுக்கும் ஏற்ப மாறும், தூரத்தோடு ஒப்பிட்டால் அதிகமாகவே இருக்கும். ஆகவே ஒரே நாளில் மூன்று நான்கு முறை ஏறி இறங்குவதானால் இப்பகுதியின் தேசியப் பூங்கா வழங்கும் சிங்க்வே தெர்ரே ரயில் அட்டை மேலானது. கட்டண நடைபாதைகளுக்கான அனுமதியும் கொர்னில்யா போன்ற இடங்களின் சிறு பேருந்தும் அதில் அடக்கம், படகு அடங்காது. ரயில் ஏறாமல் நடக்க மட்டும் செய்வோருக்கு விலை குறைந்த மற்றோர் அட்டை உண்டு. காகிதச் சீட்டாகவோ அட்டையாகவோ இருந்தால், முதல் பயணத்துக்கு முன் நிலையத்திலுள்ள பொறியில் முத்திரையிட மறவாதீர்கள். கைப்பேசியில் வாங்கிய வட்டார ரயில் சீட்டுக்கு, ஏறுமுன் செக்-இன் செய்ய வேண்டும். கையில் சீட்டு இருந்தும் முத்திரை இல்லாவிட்டால் பரிசோதகர் தண்டம் விதிப்பார்.

இனி நடைபாதைகள். கரையோரமாக ஐந்து ஊர்களையும் இணைக்கும் நீலப் பாதையே பெயர்பெற்றது. அதன் எல்லாப் பகுதிகளும் எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த மலைச்சரிவு முழுவதும் பல நூற்றாண்டுகளாக மனிதர் செதுக்கிய படிக்கட்டு வயல்கள். ஒவ்வொரு வயலையும் தாங்கி நிற்பது சுண்ணமோ சிமென்டோ இல்லாமல் கல்லைக் கல்லோடு பொருத்திக் கட்டிய சுவர். அருகில் நின்று பார்த்தால் முகப்பில் பெரிய கற்களும், இடைவெளிகளில் அறைந்து இறுக்கிய சில்லுக் கற்களும் தெரியும். பின்னால் சரளை நிரப்பியிருப்பார்கள். மழைநீர் சுவரைத் தள்ளாமல் அதன் ஊடாகவே வடிந்துவிடுவதற்கான ஏற்பாடு அது. திராட்சை பயிரிடுவோர் குறைந்து வயல்கள் கைவிடப்பட்டதும், ஆண்டுதோறும் சுவரைச் சீர்செய்ய ஆளில்லாமல் போயிற்று. முதலில் சுவரின் வயிறு வெளியே தள்ளும், பிறகு ஒரு பெருமழையில் சரியும். அதோடு கீழேயுள்ள பாதையும் போகும். யுனெஸ்கோ 1997-இல் இப்பகுதியை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்ததும், 1999-இல் தேசியப் பூங்கா அமைந்ததும் இந்தச் சுவர்களையும் சேர்த்தே காப்பதற்காகத்தான். 2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரம் கொட்டிய மழையில் வெர்னாட்ஸாவின் தெருக்கடைகள் தரைத்தளம் மூழ்குமளவுக்குச் சேற்றில் புதைந்தன, மொன்தெரோஸ்ஸோவும் தப்பவில்லை. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அதனால்தான் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் பாதைகளை அடைத்துவிடுகிறார்கள். அடைப்பைத் தாண்டிச் செல்வோரைப் பின்பற்ற வேண்டாம்.

மொன்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்ஸா வரை சுமார் மூன்றரைக் கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். காட்சியழகு மிக்கது, படிகளும் மிக்கது. தொடக்க ஏற்றமே மூச்சு வாங்க வைக்கும். கூட்டம் மிகும் சில நாட்களில் குறிப்பிட்ட நேரத்தில் இதை ஒருவழிப் பாதையாக்குகிறார்கள். அப்போது மொன்தெரோஸ்ஸோவிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெர்னாட்ஸாவிலிருந்து கொர்னில்யாவுக்குச் செல்லும் பகுதி சற்று எளிது. கொர்னில்யாவுக்கும் மனரோலாவுக்கும் இடையிலான கரையோரப் பகுதி நிலச்சரிவினால் நீண்ட காலமாக மூடிக் கிடக்கிறது. புறப்படும் வாரத்தில் தேசியப் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையே பாறையில் வெட்டிய காதலர் பாதை 2012 செப்டம்பரில் கல் சரிந்து பயணிகள் காயமடைந்ததால் மூடப்பட்டு, 2024-இல்தான் மீண்டும் திறந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, பெரும்பாலும் சமதளம், ஆகவே தாயாருக்கும் ஏற்றது. அட்டை இருந்தாலும் நேரம் குறித்த முன்பதிவும் தனிக் கட்டணமும் தேவை.

உங்களுக்கும் மகளுக்கும் நான் சொல்லும் நடை வேறு. மனரோலாவிலிருந்து சிறு பேருந்தில் வொலாஸ்த்ரா என்ற மேட்டூருக்கு ஏறிவிடுங்கள். அங்கிருந்து 586, 587 என்று குறியிட்ட பாதைகளில் திராட்சை வயல்களின் நடுவே கொர்னில்யாவுக்கு நடந்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பெரும்பகுதி வயல் வரப்பில் சமமாகச் செல்லும்; முடிவில் மட்டும் செங்குத்தான இறக்கம். இதற்குக் கட்டணம் கிடையாது. கரையோரப் பாதையின் நெரிசலும் இல்லை. வழியில் சரிவோடு ஒட்டிச் செல்லும் ஒற்றைப் பல்சட்டத் தண்டவாளம் ஒன்றைக் காண்பீர்கள். அறுவடைக் காலத்தில் சிறு எஞ்சினில் ஒருவர் அமர்ந்து, பின்னால் திராட்சைப் பெட்டிகளை அடுக்கி, ஏணியைப் போல நிமிர்ந்த சரிவில் மேலும் கீழும் ஓட்டுவார். முன்பு அந்தச் சுமை முழுவதும் தலையிலும் தோளிலுமே சென்றது. எந்தப் பாதையானாலும் பிடிப்புள்ள, குதிகாலை மூடிய காலணி கட்டாயம். செருப்பணிந்து மலைப்பாதையில் செல்வோருக்கு 2019 முதல் அபராதம் உண்டு. இத்தாலியில் போய் வேட்டிக்குப் பொருத்தமான செருப்பைத் தேடுகிறவர்கள் நம்மில் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் நடக்கும் அந்தக் காலை வேளையில் தாயாரும் வீட்டிலுள்ள மற்றொருவரும் படகில் செல்லலாம். மார்ச் இறுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, லா ஸ்பெட்சியாவிலிருந்து போர்த்தோவேனெரே என்ற ஊர் வழியாக, கொர்னில்யா நீங்கலாக நான்கு ஊர்களுக்கும் படகு ஓடும். ஊர்களின் முழு வடிவமும், மலைமீது வரிவரியாக ஏறும் சுவர்களும் கடலிலிருந்துதான் தெளிவாகத் தெரியும். இதில் அவர் உங்களைவிட நன்றாகவே பார்த்துவிடுவார். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இறங்குவதற்குப் படகின் முனையிலிருந்து ஒரு குறுகிய பலகையைப் பாறைத் துறையில் நீட்டுவார்கள். பணியாளர்கள் கைகொடுப்பார்கள் என்றாலும், அலை இருந்தால் அது ஆடும். மொன்தெரோஸ்ஸோ, போர்த்தோவேனெரே துறைகள் ஒப்பளவில் எளியவை. கடல் கொந்தளித்தால் படகே ஓடாது; எனவே படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு ஒத்திவைக்காதீர்கள்.

சைவ உணவைப் பொறுத்தவரை, இத்தாலியில் லிகூரியா நமக்கு இணக்கமான பகுதி. துளசியினத்தைச் சேர்ந்த பாசிலிக்கோ இலை, பைன் பருப்பு, பூண்டு, ஆலிவ் எண்ணெய், பாலாடைக்கட்டி சேர்த்து அரைத்த பெஸ்தோ இந்த மண்ணின் சாந்து. அதை முறுக்கிய சிறு பாஸ்தாவான த்ரோஃபியேவுடன் தருவார்கள். ஃபரினாத்தா என்பது கொண்டைக்கடலை மாவு, நீர், எண்ணெய், உப்பு மட்டும் சேர்த்து அகன்ற செப்புத் தட்டில் அடுப்பிலிட்டு வேகவைப்பது. தாயார் மறுப்பு சொல்லாமல் உண்ணக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். ஃபொக்காச்சா ரொட்டிக் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. இரண்டு எச்சரிக்கைகள்: மொன்தெரோஸ்ஸோ நெத்திலிக்குப் பெயர்போன ஊர், காய்கறி என்று எழுதிய பண்டத்திலும் நெத்திலி புகுந்திருக்கலாம் என்பதால் "சென்ஸா ஆச்சூகே" என்று சொல்லிக் கேளுங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால் உறைவது; கடும் சைவம் கடைப்பிடிப்பவராயின் பெஸ்தோவையும் தவிர்க்க நேரிடும். இரவு உணவு ஏழு, ஏழரை மணிக்கு முன் பெரும்பாலும் கிடைக்காது. கட்டணச் சீட்டில் ஆளுக்கொரு சிறு தொகை கொப்பேர்த்தோ என்று சேர்ந்திருக்கும். அது அங்குள்ள வழக்கம். மது அருந்துவோர் இருந்தால், பறித்த திராட்சையை இரண்டு மாதம் போல நிழலில் உலர்த்திப் பிழியும் ஷாக்கெத்ரா என்ற இனிப்பு மதுவைச் சிறு குவளையில் சுவைக்கலாம். விலையைப் பார்த்துக் கேளுங்கள்.

மே மாதத் தேர்வு நன்று. வெயில் கடுமையில்லை, மொன்தெரோஸ்ஸோவின் எலுமிச்சைத் திருவிழாவும் அம்மாதத்தில்தான். கடல் நீர் மட்டும் நம்மவருக்குக் குளிரும். மே 1, ஜூன் 2 ஆகியவை இத்தாலியின் விடுமுறை நாட்கள். அவற்றை ஒட்டிய வார இறுதிகளைத் தவிருங்கள். முடிந்தால் மூன்று நாட்களும் திங்கள் முதல் வியாழனுக்குள் அமையட்டும்.

நானாக இருந்தால் நாட்களை இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் ரோமிலிருந்து லா ஸ்பெட்சியாவுக்கு மூன்று, நான்கு மணி நேர ரயில் பயணம், அங்கிருந்து லேவந்தோ; மாலையில் கடற்கரை தவிர வேறெதுவும் வேண்டாம். மறுநாள் அதிகாலை வெர்னாட்ஸா, பத்து மணிக்குள் அங்கிருந்து கிளம்பி மொன்தெரோஸ்ஸோ கடற்கரை, நண்பகல் ஓய்வு. மாலை ஐந்தரைக்குப் பிறகு மனரோலா சென்று, துறைக்கு எதிரேயுள்ள முனையில் சூரியன் இறங்கும் வரை இருக்கலாம். மூன்றாம் நாள் காலை உங்களுக்கு வொலாஸ்த்ரா நடை, தாயாருக்குப் படகு. பிற்பகலில் எல்லோரும் ரியோமஜ்ஜோரேயில் கூடி, முன்பதிவு செய்த நேரத்தில் காதலர் பாதையில் மனரோலாவுக்கு நடக்கலாம். நான்காம் நாள் காலை மிதிவண்டிப் பாதையை முடித்துக்கொண்டு பைசா வழியாக ஃபுளோரன்ஸ். பெரிய பெட்டிகளை ரோமிலேயே விட்டுவர வழியில்லை என்பதால், சமதளமான லேவந்தோவில் தங்குவது அதற்கும் உதவும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் என்பது விதி, ஆனால் கோடைக்கு முந்தைய மாதங்களில் நேரம் ஒதுக்கீடு கிடைப்பதே கடினம் என்பதால் பிப்ரவரியிலேயே முயலுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டணத்தை இழக்காமல் ரத்து செய்யக்கூடிய அறைகளையே விசா கிடைக்கும் வரை பதிவு செய்யுங்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அப்படி ஒரு நாள் உங்கள் பயணத்தில் குறுக்கிட்டால், வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்களில் குறிப்பிட்ட சேவைகள் உறுதியாக ஓடும் என்பதால், அந்த நேரங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளுங்கள்.